புண்ணில்லாத ஆறு கட்டில்

கனகாம்பாள்: ...அந்த முனைய இழுத்துப் புடி. கொடியில போடறதுக்கு முன்னால நல்லா ஒதறணும். இல்லன்னா சுருக்கு சுருக்கா காயும். ம்... இன்னா சொல்லிக்கினு இருந்தேன்?

அன்னாள்: யாரோ ஒரு பொண்ணு வந்துச்சுன்னு சொன்ன. நோட்டும் கையுமா.

கனகாம்பாள்: ஆங். பிரியதர்ஷினி. சேதராப்பட்டுல மாத்திரை கம்பெனி. மாத்திரைய ஒடச்சுப் பாத்து, தண்ணியில போட்டுப் பாத்து, இது தேறும், இது தேறாதுன்னு சொல்ற வேலயாம். நூறுல ஒண்ணு கோணையா இருந்தா மொத்தத்தையும் தள்ளிடுமாம். அப்பேர்ப்பட்ட பொண்ணு நம்ம முதியோர் இல்லத்துக்கு மார்க்கு போட வந்துச்சு.

அன்னாள்: நம்ம இல்லத்துக்கா? பாவம். பொழுது போவலியா அதுக்கு?

கனகாம்பாள்: நக்கலு உனக்கு. நீ நாலு நாளா புள்ளைக்கு ஜொரம்னு வூட்ல உக்காந்துட்ட. இங்க நடந்த கூத்து உனக்கின்னா தெரியும்.

அன்னாள்: சரி சொல்லு. அந்தப் பொண்ணுக்கு இங்க இன்னா வேல?

கனகாம்பாள்: அப்பாவச் சேக்கறதுக்கு எடம் தேடிக்கினு வந்துச்சு. அப்பா பேரு தணிகைவேலு. பாகூர் பக்கம், நெல்லும் கரும்பும் போட்ட ஆளு. எட்டு மாசத்துக்கு முன்னால ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு. பெரிய ஆஸ்பத்திரியில இருபது நாளு வெச்சிருந்து உசுரக் காப்பாத்திக் குடுத்துட்டாங்க. அதுக்கு மேல அவங்க இன்னா பண்ணுவாங்க? வூட்ல வெச்சுப் பாருங்கன்னு அனுப்பிட்டாங்க.

அன்னாள்: அம்மா?

கனகாம்பாள்: போயி மூணு வருசம். இந்தப் பொண்ணுக்குக் கல்யாணமும் ஆவல. அரியாங்குப்பத்துல வாடகை வூடு. அண்ணங்காரன் ஒருத்தன், தமிழ்க்குமரன், துபாய்ல இருக்கான். அங்கேர்ந்து வீடியோல வந்து, ரூமு எப்படி இருக்கு, ஏசி இருக்கா, ஃபோட்டோ அனுப்புன்னு அதிகாரம்.

அன்னாள்: எல்லா வூட்லயும் இருக்கறதுதான அது. தூரத்துல இருக்கறவனுக்குத்தான் பாசம் தொண்டைக்குழி வரிக்கும் வரும்.

கனகாம்பாள்: இங்க வர்றதுக்கு முன்னால நாலு எடம் பாத்துடுச்சாம். ஒரு எடத்துல கட்டிலோட கைய கட்டி வெச்சிருந்தாங்களாம். ஒரு எடத்துல எல்லாருக்கும் ஒரே சீப்பு. ஒண்ணுல கேட்டுக்கு உள்ளயே வுடலியாம். அஞ்சாவதுதான் நம்முளுது. போன ஞாயித்துக்கெழம மேனேஜர்கிட்ட சொல்லிட்டு வந்துச்சு.

அன்னாள்: ஞாயிறு நான் பூசைக்குப் போயிட்டு மத்தியானந்தான வந்தேன். எனக்கு ஒண்ணும் தெரியாது.

கனகாம்பாள்: நீ பாத்திருக்கணும்டி. மேனேஜரு மணிபாரதி காலையில எட்டு மணிக்கே பீரோவத் தொறந்து பூப்போட்ட பெட்சீட்ட எடுத்துட்டான். வார்டு பூரா ரூம் ஸ்ப்ரே. மூத்திரத்து மேல மல்லிப்பூ வாசன ஊத்தினா எப்படி இருக்கும், அந்த மாதிரி ஒரு நாத்தம். எனக்கே தலய சுத்திக்கிச்சு. நடக்கறவங்க, நடக்காதவங்க எல்லாரையும் சேர்ல உக்கார வெச்சு, டீவியில பக்திப் பாட்டு போட்டு, எல்லார் நெத்தியிலயும் துன்னூறு.

அன்னாள்: மரியசுந்தரம் தாத்தாவுக்குமா?

கனகாம்பாள்: அவருக்கும்தான். அந்த மனுசனுக்குக் கண்ணா தெரியுது? ஏதோ பவுடர் போடறாங்கன்னு நெத்தியக் காட்டினாரு.

அன்னாள்: அய்யோ... அவரு சர்ச்சு பங்குச்சாமி வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்.

கனகாம்பாள்: மேனேஜரு கழுத்துல ஸ்டெத்து வேற. டாக்டருக்கும் படிக்கல, நர்ஸுக்கும் படிக்கல, ஆனா ஸ்டெத்து இல்லாம வெளிய ஆளப் பாக்க மாட்டான். அந்தப் பொண்ணக் கூட்டிக்கினு போயி, மேடம் இது படுக்கப் புண்ணு வராம இருக்க காத்து மெத்த, மேடம் இது அழைப்பு மணி, மேடம் இது ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் பொரட்டிப் போடறதுக்கு சார்ட்டுன்னு காட்டினான். அது தலய ஆட்டிச்சு. எழுதிக்கிச்சு. போயிடுச்சு. இவன் என்கிட்ட வந்து, கனகா, பார்ட்டி முடிஞ்சுது, அப்பாவச் சேத்துடும்னு சொன்னான்.

அன்னாள்: அப்ப கூத்து எங்க?

கனகாம்பாள்: செவ்வாக்கெழம. மத்தியானம் ரெண்டு மணி. சொல்லாம கொள்ளாம ஸ்கூட்டில வந்து நிக்குது. கேட்டுகிட்ட யாரும் இல்ல, மேனேஜரு சாப்ட்டுட்டு ஆபீஸ் ரூம்ல பெஞ்சு மேல நீட்டிட்டான். குறட்ட வெளிய கேக்குது. அது நேரா உள்ள வந்துடுச்சு.

அன்னாள்: ரெண்டு மணியா... அந்த நேரத்துல யாரு வந்தாலும் தெரிஞ்சிடும்.

கனகாம்பாள்: இன்னா தெரிஞ்சிடும்? நம்ம யோக்கியத தெரிஞ்சிடும். அதான நீ சொல்ல வர்றது.

அன்னாள்: நான் ஒண்ணும் சொல்லலக்கா. நீயே சொல்லிக்கற.

கனகாம்பாள்: மொதல்ல மாடிக்குப் போயிருக்கு. மாடியில ஆளே இல்ல. நீ இல்லாததால நான் உன் கீழ் வார்டுல நின்னேன், மாடிய யாரு பாக்கறது? இருவத்திரெண்டு பேருக்கு ரெண்டு பேரு. அதுல ஒருத்தி லீவு. மிச்சம் ஒருத்தி, அவளுக்கு ரெண்டு கை.

அன்னாள்: மாடியில இன்னா பாத்துச்சு?

கனகாம்பாள்: எல்லாத்தையும்தான். தண்ணி ஜக்கு எட்டாத எடத்துல இருந்துச்சாம். கெழவங்களுக்கு வாய் வறண்டு ஒதட்டுல வெள்ளையா பத்து. அழைப்பு மணிய அழுத்திப் பாத்திருக்கு, சத்தமே இல்ல. ஒயரப் புடிச்சு இழுத்திருக்கு, கையோட வந்துடுச்சு. வெறும் பொத்தான செவுத்துல ஒட்டி வெச்சிருக்கான்.

அன்னாள்: அது ரெண்டு வருசமா அப்படித்தான.

கனகாம்பாள்: அப்பால ஒவ்வொரு கட்டிலா போயி, ஒவ்வொருத்தர் கால் குதியா தூக்கிப் பாத்திருக்கு. குதி, இடுப்பு, முதுகு. வர்றவங்க மூஞ்சியப் பாப்பாங்க, தட்டுல இன்னா சோறுன்னு பாப்பாங்க. குதியத் தூக்கிப் பாத்தவள நான் இது வரிக்கும் பாத்ததில்ல. சின்னப்பிள்ள பெருசுக்கு இடுப்புல இருக்கற புண்ணு அதுக்குக் கெடச்சிடுச்சு. மூலக் கட்டில் ரங்கநாதனுக்கு ரெண்டு குதியிலயும் கெடச்சிடுச்சு.

அன்னாள்: அவங்க ரெண்டு பேரும் உன் மாடி...

கனகாம்பாள்: ஏன் இழுக்கற? மாடி எனுதுதான். புண்ணும் எனுதுதான். சொல்லிடேன்.

அன்னாள்: நான் இன்னாத்தச் சொல்றது. ஒத்தயா பதினோரு பேர யாரு தூக்குவா.

கனகாம்பாள்: நீ தூக்கற இல்ல? உன் பதினோரு பேர.

அன்னாள்: பதினொண்ணு இல்லக்கா. அஞ்சு பேரு தானா பொரளுவாங்க. ஆறு பேருதான் கட்டில்லயே கெடக்கறவங்க.

கனகாம்பாள்: அந்த ஆறு பேருலதான் கதையே. கேளு. அதுக்குள்ள மேனேஜரு முழிச்சிக்கினு, சட்டப் பொத்தான மாத்திப் போட்டுக்கினு ஓடியாந்தான். மேடம், விசிட்டிங் டைம் அஞ்சு மணின்னான். அந்தப் பொண்ணு சார்ட்டக் கையில எடுத்துச்சு. அந்தப் பொரட்டற சார்ட்டு.

அன்னாள்: ஐயோ.

கனகாம்பாள்: மணி ரெண்டே கால். சார்ட்டுல நாலு மணிக்கு எடப்பக்கம் பொரட்டியாச்சு, ஆறு மணிக்கு வலப்பக்கம் பொரட்டியாச்சு, எட்டு, பத்து, பன்னெண்டு... மறுநா காலையில ஆறு மணி வரிக்கும் டிக்கு போட்டு, ஒரே பேனா, ஒரே கையெழுத்து. அது வாட்ச்சப் பாத்துச்சு, சார்ட்டப் பாத்துச்சு, இவன் மூஞ்சியப் பாத்துச்சு.

அன்னாள்: இன்னா கேட்டுச்சு?

கனகாம்பாள்: கத்தல. சண்ட போடல. நாளைக்கு காலையில பெரியவரு உசுரோட இருப்பாருன்னு இன்னிக்கே எப்படிங்க தெரிஞ்சுது உங்களுக்குன்னு கேட்டுச்சு.

அன்னாள்: ஹூம்...

கனகாம்பாள்: அவன் அசரல. அது வந்து மேடம், முன்கூட்டியே திட்டமிடறதுன்னான். கெவுர்மெண்டு ஆபீஸ்லேர்ந்து வருசா வருசம் பாக்க வர்றவங்க கூட இந்தச் சார்ட்டத்தான் மெச்சிக்கினு போவாங்கன்னான். மெச்சத்தான் செய்வாங்க. எளநி வெட்டிக் குடுத்து, முந்திரிப்பருப்பு தட்டுல வெச்சா, யாரு மெச்ச மாட்டா. போன வருசம் வந்தவரு மாடிப்படி கூட ஏறல. முட்டி வலின்னு கீழயே உக்காந்துக்கினு, மாடி திருப்திகரம்னு எழுதிட்டுப் போனாரு.

அன்னாள்: அந்தப் பொண்ணு, வர்றவங்க எழுதற கருத்து நோட்டப் பாக்கலியா?

கனகாம்பாள்: பாத்துது. சேவை மிக நன்று, பராமரிப்பு மிக நன்று, மிக நன்றுன்னு முப்பது பக்கம். சார்ட்டுல இருக்கற கையெழுத்தும் நோட்டுல இருக்கற கையெழுத்தும் ஒண்ணா இருக்கேன்னு கேட்டுச்சு. அதுக்கப்பறம் மேனேஜருக்கு யாரோ ஃபோன் பண்ற மாதிரி இருந்துச்சு. ஃபோனக் காதுல வெச்சிக்கினு வெளிய போனவன் போனவன்தான்.

அன்னாள்: அதோட அதுவும் போயிருக்கணுமே. நாலு எடத்துலேர்ந்து போன மாதிரி.

கனகாம்பாள்: நானும் அப்படித்தான் நெனச்சேன். தொலஞ்சுதுடா சனியன்னு இருந்தேன். ஆனா அது கீழ் வார்டுக்கு வந்துச்சு. நான் அப்ப பெட்பேன் கழுவிட்டு வந்து வாசல்ல நிக்கறேன். என்ன ஒரு வார்த்த கேக்கல. மொத கட்டில்லேர்ந்து ஆரம்பிச்சு குதியத் தூக்குது. ஒண்ணு. புண்ணு இல்ல. ரெண்டு. இல்ல. மூணு... இல்ல. அது மூஞ்சி மாறுது. மறுபடி மொத கட்டிலுக்குப் போயி, முதுகுக்கு அடியில கைய வுட்டுத் தடவிப் பாக்குது. ஆறு பேருக்கும் இல்ல. தோலு காஞ்சு கெடக்குதே தவிர ஒரு செவப்பு கூட இல்ல.

அன்னாள்: அது காத்து மெத்த இருக்குதில்ல...

கனகாம்பாள்: வாய மூடு. உனக்கே தெரியும். அதுவும் காத்து மெத்ததான்னுதான் மொதல்ல நெனச்சுது. குனிஞ்சு கட்டிலுக்கு அடியில மோட்டாரத் தேடிச்சு. மோட்டாரு இருக்குது. பிளக்கு தரையில கெடக்குது. செவுத்துல சொருவற ஓட்டையே இல்ல. ரொம்ப நேரம் குந்திக்கினு அந்தப் பிளக்கயே பாத்துக்கினு இருந்துச்சு. அப்பறம் தானா பேசிக்குது. மெத்தைக்குக் கரண்டு இல்ல, சார்ட்டு பொய்யி, அப்ப இவங்களுக்குப் புண்ணு வராம பாத்துக்கறது யாருன்னு. எழுந்து போயி மரியசுந்தரத்துகிட்ட உக்காந்துச்சு. ஜன்னலோரக் கட்டிலு இல்ல, அதுல. பெரியவரே, உங்கள நல்லா பாத்துக்கறாங்களான்னு கேட்டுச்சு. அவரு, ரொம்ப நல்லா பாத்துக்கறாங்கன்னாரு. எல்லாரும் சொல்றதுதான. பள்ளிக்கூடப் புள்ளைங்க வாய்ப்பாடு சொல்ற மாதிரி. அது வுடல. மேனேஜர் இல்லிங்க, நான் எந்த ஆபீஸும் இல்ல, எங்கப்பாவச் சேக்கறதுக்காகக் கேக்கறேன்னுச்சு.

அன்னாள்: அதுக்கு அவரு?

கனகாம்பாள்: இருவது வருசம் பஸ்ஸு ஓட்டின ஆளு, யோசிச்சுத்தான் வாயத் தொறப்பாரு. அப்பறம் சொன்னாரு. இந்த எடம் ஒண்ணுத்துக்கும் ஒதவாதும்மா. சோறு வேவாது. மேனேஜரு திருடன். ஆனா அன்னாள்னு ஒரு பொண்ணு இருக்குது. அது போதும்.

அன்னாள்: ...அப்படியா சொன்னாரு.

கனகாம்பாள்: அப்படியேதான். பொரட்டும்போது அது, தாத்தா வண்டி லெப்ட்டு ஒடிக்கிதுன்னு சொல்லிட்டுத்தான் பொரட்டும், சொல்லாம தொடாதுன்னாரு. தூக்கிப் போடாம வெக்கிறவ அது ஒண்டிதான்னாரு.

அன்னாள்: அது... சும்மா. அவரு டிரைவராச்சேன்னு ஒரு நாளு தமாசுக்குச் சொன்னேன். அன்னிக்கு ஒடம்ப வெறப்பா வெச்சுக்காம வுட்டாரு. தூக்கறதுக்கு லேசா இருந்துச்சு. அதனால தெனமும் சொல்றேன். எனக்கு இடுப்பு வலி கம்மி, அவ்ளோதான்.

கனகாம்பாள்: அவ்ளோதான்னு நீ சொல்ற. அந்தப் பொண்ணு அதக் கேட்டுட்டு நோட்ட மூடிடுச்சு. அதுவரிக்கும் எழுதிக்கினே இருந்துச்சு, மூணு பக்கம். மூடி பைக்குள்ள போட்டுட்டு, நான் நிக்கற வாசலண்ட வந்து, யாரு அன்னாளுன்னு மெதுவா கேட்டுச்சு.

அன்னாள்: நீ இன்னா சொன்ன?

கனகாம்பாள்: இன்னா சொல்றது... இருக்குதுன்னு சொன்னேன்.

அன்னாள்: லீவுன்னு சொல்லலியா?

கனகாம்பாள்: அந்த ரெண்டு தலகாணி உறையையும் எடு. ஈரம் சொட்டுது பாரு. பிழியவே இல்ல.

அன்னாள்: யக்கா, லீவுன்னு சொன்னியா இல்லியா?

கனகாம்பாள்: அட சொல்றேன் இரு. அதுக்கப்பறம் அது பின்னால கொழாயண்ட போச்சு. நானும் பக்கெட்டோட போனேன். மூஞ்ச கழுவிச்சு. கழுவிக்கினே இருந்துச்சு. அழுவுதுன்னு எனக்குத் தெரிஞ்சிடுச்சு. சரி, பெரிய எடத்துப் பொண்ணு, நம்ம யோக்கியதயப் பாத்துட்டு அழுவுதாக்கும்னு ஒரு கோவம் வந்துச்சு எனக்கு. கேட்டுட்டேன். இன்னாம்மா, ஊரு பூரா மார்க்கு போடறியே, உங்க வூட்ல எத்தினி தரம் பொரட்டிப் போடற உங்கப்பாவன்னு.

அன்னாள்: கேட்டுட்டியா? இன்னாக்கா நீ.

கனகாம்பாள்: கேட்டுட்டேன். அது கொழாய மூடிச்சு. கல்லு மேல உக்காந்துச்சு. ரெண்டு தரம்னுச்சு.

அன்னாள்: ரெண்டு தரமா. ஒரு நாளைக்கா?

கனகாம்பாள்: ஒரு நாளைக்கு. காலையில அஞ்சு மணிக்கு ஒருதரம், சாயங்காலம் ஆறு மணிக்கு ஒருதரம். ஆளு வெச்சுப் பாத்துச்சாம், மூணு பேரு மாறி மாறி வந்து ஓடிட்டாங்களாம். ரெண்டு மாசமா ஆளே இல்ல. இதுக்கு வேலைக்குப் போயே ஆவணும். அப்பாவ ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, பக்கத்துல டம்ளரு, ரேடியோ, எல்லாம் வெச்சிட்டு... வெளிய பூட்டிட்டுப் போவுமாம்.

அன்னாள்: பூட்டிட்டா...

கனகாம்பாள்: பூட்டாம போனா ஒருதரம் யாரோ பூந்து ஃபேனக் கழட்டிக்கினு போயிட்டானாம், அவரு கட்டில்லேர்ந்து பாத்துக்கினே இருந்திருக்காரு. அதுலேர்ந்து பூட்டு. சாயங்காலம் பூட்டத் தொறக்கும்போது மூச்சப் புடிச்சிக்கினுதான் தொறப்பேன்னுச்சு. நாத்தத்துக்கு இல்ல. உள்ள சத்தம் கேக்குதான்னு.

அன்னாள்: ஆண்டவரே.

கனகாம்பாள்: அண்ணங்கிட்ட சொல்லல. ஆளு இருக்குதுன்னே சொல்லி வெச்சிருக்கு. அவன் வீடியோல வர்ற நேரத்துக்கு அப்பாவுக்குச் சட்ட மாத்தி, தல சீவி, பூப்போட்ட பெட்சீட்டு விரிச்சு... சொல்லிக்கினே வந்தது சட்டுனு நிறுத்திக்கிச்சு. உங்க மேனேஜரும் நானும் ஒண்ணுதாங்க, சார்ட்டு மட்டும் நான் வெக்கலன்னுச்சு.

அன்னாள்: அதனாலதான் அதுக்கு எங்க பாக்கறதுன்னு தெரிஞ்சிருக்குது.

கனகாம்பாள்: பின்ன. குதியத் தூக்குன்னு எந்தப் பள்ளிக்கூடத்துல சொல்லித் தர்றான். அதுக்கு வூட்லயே பாடம். அப்பாவுக்கு முதுகுக்குக் கீழ, அந்த எலும்பு மேல, கோழி முட்ட அளவுக்குப் புண்ணு. ஆஸ்பத்திரியில காட்டி மருந்து போட்டுக்கினு இருக்குது. பொரட்டலன்னா மருந்து இன்னா பண்ணும். டாக்டரு அதத்தான் சொன்னாராம்.

அன்னாள்: அப்ப... சேத்துடுச்சா இங்க?

கனகாம்பாள்: மறுநாளே. புதன்கெழம காலையில ஆட்டோல கொண்டாந்துடுச்சு. மேனேஜருக்கு நம்பவே முடியல. மெத்தையப் பாத்துச் சேத்துட்டாங்க பாரு கனகான்னு சிரிக்கறான். மூதேவி. அது கையெழுத்துப் போடும்போது சொல்லிச்சு. உங்க எடத்துக்கு நூத்துக்குப் பத்து மார்க்குங்க, அந்தப் பத்தும் உங்களுக்கு இல்லன்னு.

அன்னாள்: எங்க போட்டிருக்கு?

கனகாம்பாள்: மரியசுந்தரத்துக்குப் பக்கத்துக் கட்டிலு. கீழ் வார்டுதான் வேணும்னு நின்னு வாங்கிச்சு. பேச்சு சரியா வராது, ஆனா எல்லாம் புரியுது அவருக்கு. பொண்ணு போவும்போது வாசலப் பாத்தாரு. இங்க வெளிய பூட்டு இல்லன்னு பாத்தாரோ இன்னாவோ. அழுவல. சோறு குடுத்தா தின்றாரு.

அன்னாள்: புண்ணு?

கனகாம்பாள்: ஈரம் கொறஞ்சிருக்கு. ஏண்டி, வலப்பக்கம் சாய்க்கும்போது நீ முட்டிக்கு நடுவுல தலகாணி வெக்கிறியே, அது நீட்டவாக்குல வெப்பியா குறுக்கயா?

அன்னாள்: நீட்டவாக்குல. கணுக்கால் வரிக்கும் வரணும். கணுக்காலும் கணுக்காலும் ஒரசக் கூடாது.

கனகாம்பாள்: ஆங். அதான் நிக்க மாட்டேங்குது. நான் குறுக்க வெச்சிட்டேன்.

அன்னாள்: முதுகுக்கு ஒரு பழம்பொடவய சுருட்டி முட்டு குடு. தலகாணி வழுக்கிடும். அப்பறம் இழுக்காதக்கா. இழுத்தா தோலு உரிஞ்சிடும். அடியில துணி போட்டு, துணியத் தூக்கு.

கனகாம்பாள்: சரி சரி. வாத்தியாரம்மா.

அன்னாள்: நீ எப்ப இதெல்லாம் கேட்ட என்கிட்ட? பதினோரு வருசமா இருக்கற, எனக்கு முன்னாலேர்ந்து.

கனகாம்பாள்: கேக்கலன்னா இப்பக் கேக்கக் கூடாதா.

அன்னாள்: யக்கா... நான் ஒண்ணு சொல்லணும். அதச் சொல்லத்தான் மாடியேறி வந்தேன். நீ இந்தக் கதைய ஆரம்பிச்சிட்ட.

கனகாம்பாள்: சொல்லு.

அன்னாள்: புள்ளைக்கு ஜொரம் எல்லாம் இல்ல.

கனகாம்பாள்: ம்.

அன்னாள்: திங்கக்கெழமேர்ந்து திருபுவனையில ஒரு கம்பெனிக்குப் போறேன். பிஸ்கட்டு. பேக்கிங் செக்சன். காலையில வேன் வந்து கூட்டிக்கினு போவுது. வெள்ளிக்கெழம அங்க வார லீவு, அதான் இன்னிக்கு வந்தேன். மேனேஜர்கிட்ட வேலய வுட்டு நின்னுக்கறேன்னு சொல்லிட்டுப் போவத்தான். திட்டிடுக்கா.

கனகாம்பாள்: எதுக்குத் திட்டறது.

அன்னாள்: எட்டு மணி நேரம்தான் வேல. பன்னெண்டு இல்ல. ஒருத்தரையும் தூக்க வாணாம். ஆறு வருசத்துல எனக்கு இடுப்பு அம்பது வயசுக்காரிக்கு இருக்கற மாதிரி ஆயிடுச்சு, எனக்கு முப்பத்திரெண்டு ஆவுது. என் பொண்ணு மடியில படுக்க வந்தா, அம்மா குளிச்சிட்டு வான்னு சொல்லும். குளிச்சிட்டுத்தான் வந்திருப்பேன். நாலு நாளா சொல்லல. நேத்து மோந்து பாத்துட்டு, அம்மா பிஸ்கட்டுன்னுச்சு.

கனகாம்பாள்: நல்லதுதான. நான் இன்னா வாணாம்னா சொன்னேன். இந்த எடத்துல அழிஞ்சு போவறதுக்கு நான் ஒருத்தி போதும்.

அன்னாள்: ஆனா நீ சொன்னதக் கேட்டதும் போவவே மனசு வரல. என் பேரக் கேட்டுட்டுத்தான அந்தப் பொண்ணு அப்பாவ வுட்டுட்டுப் போயிருக்குது. நான் இல்லன்னு தெரிஞ்சா இன்னா பண்ணும்? நம்பரு இருந்தா குடு. நானே பேசிடறேன். அன்னாள் வேலய வுட்டுட்டா, வேற எடம் பாருங்கன்னு சொல்லிடறேன். மறைக்கறது பாவம்.

கனகாம்பாள்: சொல்லாத.

அன்னாள்: ஏன்? ஏமாத்தறதா அந்தப் பொண்ண?

கனகாம்பாள்: அது ஏற்கெனவே ஏமாந்தாச்சு.

அன்னாள்: புரியலக்கா. நீ அன்னிக்கு இன்னாதான் சொன்ன அதுகிட்ட?

கனகாம்பாள்: யாரு அன்னாளுன்னு கேட்டுச்சில்ல... நான்தான்னு சொல்லிட்டேன்டி. மாடியில அத்தன புண்ணையும் பாத்துட்டு வந்து நிக்குது. அதெல்லாம் எனுதுன்னு அதுக்குத் தெரியாது. அந்தப் பேரச் சொல்லும்போது அது கண்ணுல ஒரு மரியாத இருந்துச்சு, பதினோரு வருசத்துல என்ன ஒருத்தரும் அப்படிப் பாத்ததில்ல. வாய் தானா சொல்லிடுச்சு. கொழாயண்ட அது கொட்டினதெல்லாம் அன்னாள்கிட்டதான் கொட்டிச்சு, என்கிட்ட இல்ல. சொன்ன வாயால பொய்யின்னு சொல்ல முடியல. புதன்கெழமேர்ந்து ரெண்டு மணி நேரத்துக்கொருதரம் நான்தான் அவரப் பொரட்டறேன், ராத்திரியும் இங்கயே படுத்து, அலாரம் வெச்சு. சின்னப்பிள்ளையையும் சேத்துப் பொரட்டறேன், ரங்கநாதனையும். இடுப்பு கழண்டு போச்சு. நீ போ, புள்ளையோட நல்லா இரு, மேனேஜர்கிட்ட நான் பேசிக்கறேன். பேர ஒண்டி இங்க வுட்டுட்டுப் போ. ஞாயித்துக்கெழம அந்தப் பொண்ணு வரும். அன்னாள்னு கூப்புட்டா, நான் திரும்பிப் பாக்கணும்.